நிறச் சோதனை அட்டையும் அது செல்லும் பாதையும்

காலஞ்சென்ற மூதாதையர் ஒருவரின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் புதிதாகப் பிரதி செய்விக்க விரும்பி, அதனைப் புகைப்படக் கடைக்கு எடுத்துச் செல்வோர் நம்மிடையே பலர். வீட்டில் எஞ்சியிருப்பது அந்த ஒரே படமாக இருக்கலாம். கடைக்காரர் அதனை ஸ்கேனரில் இட்டுக் கணினிக்குள் ஏற்றுகிறார். கறைகளையும் மடிப்புகளையும் நீக்குகிறார். திரையிலே முகம் தெளிவாகத் துலங்குகின்றது. ஆயினும் அச்சிட்டுக் கையிற் கொடுக்கும்போது, தூய சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய நெற்றியும் கன்னமும் மெல்லிய பச்சை ஏறிக் காணப்படுகின்றன. வந்தவர் முகஞ் சுளிக்கிறார். கடைக்காரர் பச்சையைச் சற்றுக் குறைத்து மறுபடியும் அச்சிடுகிறார். இம்முறை செம்மை தட்டுகின்றது. கடுதாசியும் மையும் செலவாகின்றன. முகம் மட்டும் பழைய முகமாக வருவதில்லை.

இதனைக் கடைக்காரரின் கவனக்குறைவு என்று உடனே தீர்த்துவிடலாகாது. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் தனித்த சுபாவம் ஒன்று உண்டு. கணினி நிறங்களை எண்களாகவே அறியும். சிவப்பு 128, பச்சை 128, நீலம் 128 என்று மூன்று எண்களைக் கொடுத்துச் சாம்பல் நிறத்தைக் கேட்டால், ஒரு பொறி சற்றே நீலங் கலந்த சாம்பலைத் தரும். மற்றொரு பொறி பழுப்புத் தோய்ந்த சாம்பலைத் தரும். அதே பொறியிற் கடுதாசியை மாற்றினாலும் விடை மாறிவிடும். கேட்கப்பட்ட எண் ஒன்றுதான். கிடைக்கும் நிறமோ பலவாகும்.

அச்சுப்பொறியின் இந்தச் சுபாவத்தை ஆராய்ந்து எழுதிவைக்கும் ஏட்டினையே ‘புரொபைல்’ என்கின்றனர். இன்ன எண்ணைக் கொடுத்தால் இந்தப் பொறி, இந்த மையினால், இந்தக் கடுதாசியில் இன்ன நிறத்தைத் தரும் என்பதும், இன்ன நிறம் வேண்டுமாயின் எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த ஏட்டில் அட்டவணைகளாக இருக்கும். நிறத்தை மனிதக் கண் காணும் முறைக்கு இணங்க அளந்து சொல்வதற்கு ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணைக்குழு 1931ஆம் ஆண்டில் அடித்தளம் இட்டது. அதன் மேல் 1976இல் எழுந்த அளவுமுறையே இன்று அச்சுத் தொழிலில் பெருவழக்காக உள்ளது. வெளிச்சத்தை ஓர் எண்ணாலும், செம்மை பச்சைச் சாய்வை மற்றோர் எண்ணாலும், மஞ்சள் நீலச் சாய்வை மூன்றாவது எண்ணாலும் அது குறிக்கும். பின்னிரண்டும் பூச்சியமாயின் அது எந்தப் பக்கமும் சாயாத சாம்பல். இந்த ஏடுகளை எல்லாக் கொம்பனிகளும் ஒரே வடிவில் எழுதவேண்டும் என்பதற்காகச் சர்வதேச நிறக் கூட்டமைப்பு 1993இல் உருவாயிற்று.

ஏட்டை எழுதுவதற்குப் பொறியை வினவ வேண்டும் அல்லவா? ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் உள்ள மூன்று எண்களால் அமையக்கூடிய சேர்க்கைகள் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அனைத்தையும் அச்சிட்டு அளப்பது நடவாத காரியம். ஆகவே அவற்றுட் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரத்தைத் தேர்ந்தெடுத்து, சிறு சிறு சதுரங்களாக ஒரு தாளில் அச்சிட்டு, நிறமாலைமானி என்னும் கருவியால் ஒவ்வொன்றாக அளக்கின்றனர். இடைப்பட்ட நிறங்களைக் கணக்கினால் ஊகித்துக் கொள்கின்றனர். அந்தத் தாளே சோதனை அட்டை. நான்கு மைகளுக்கு அமெரிக்க நியம நிறுவனத்தின் வழி வந்த அட்டை ஒன்றில் 1,617 கட்டங்கள் உள்ளன. ஐரோப்பிய நிற முன்முயற்சிக் குழுவினர் 2002ஆம் ஆண்டின் பெயரால் வெளியிட்ட அட்டையில் 1,485 கட்டங்கள் உள்ளன. பின்னது இரு ஒழுங்குகளிற் கிடைக்கும். ஒன்று கண்ணாற் பார்த்து ஒப்பிடுவதற்கு ஏற்றவாறு நிறங்கள் வரிசைப்பட்டது. மற்றது நிறங்கள் வேண்டுமென்றே கலைத்து இடப்பட்டது. கலைத்து இடுவதனால், தாளின் ஒரு பகுதியில் மை சற்றே மிகுந்தாலும் அக்குற்றம் ஒரே நிறத்தின் மேல் முழுவதும் விழாது.

இனி, இச்சோதனை அட்டையை எந்த உருவில் அச்சுப்பொறிக்கு அனுப்புவது என்ற வினா எழுகின்றது. ராஸ்டர், வெக்டர் என இரண்டு உருவங்கள் உண்டு. இவற்றை வேறு பொருள்களைக் கொண்டு விளக்கலாம்.

பன்னோலைப் பாயிலே சாயமிட்ட ஓலையால் ஒரு சதுரம் பின்னப்பட்டிருக்கின்றது என்று கொள்வோம். அந்தச் சதுரம் எத்தனை ஓலைக் கண்ணிகளோ அத்தனை கண்ணிகளுக்கும் நிறம் தனித்தனியே இடப்பட்டிருக்கும். ராஸ்டர் உருவம் அத்தகையது. படம் முழுவதும் நுண்ணிய புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் எண் எழுதப்பட்டிருக்கும். புகைப்படங்கள் யாவும் இவ்வினத்தன. காணி உறுதியோ வேறு வகை. வடக்கும் தெற்கும் கிழக்கும் மேற்கும் இன்ன எல்லை, இந்த எல்லைக்கு உட்பட்ட நிலம் இன்னது என்று அது சொல்லால் வரையறுத்துவிடும். நிலத்தின் ஒவ்வொரு பிடி மண்ணையும் அது எண்ணிக் கூறுவதில்லை. வெக்டர் உருவம் இத்தகையது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு சதுரம், அதனை இன்ன நிறத்தால் நிரப்புக என்னும் கட்டளை மட்டுமே அதில் இருக்கும். ஜோன் வார்நொக், சார்ள்ஸ் கெஷ்கி என்னும் இருவர் தொடங்கிய அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட பொஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க மொழி இவ்வகைக் கட்டளைகளால் ஆனது. அந்நிறுவனமே 1993இல் வெளியிட்ட பிடிஎப் கோப்பும் அதன் வழித்தோன்றலே. எழுத்துகளும் கோடுகளும் பெரும்பாலும் இம்முறையிலேயே அச்சுக்குச் செல்கின்றன.

வெக்டர் உருவத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் ஓரம் சிதையாது என்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து, சோதனை அட்டையும் வெக்டராக இருந்தால் அளவு நுட்பமாக இருக்கும் என்ற எண்ணம் தொழிலாளரிடையே பரவியிருக்கின்றது. இது தவறான இடத்திற் காட்டப்படும் கவனம். நிறமாலைமானி சதுரத்தின் ஓரத்தை அளப்பதில்லை, நடுப்பகுதியையே அளக்கின்றது. நடுப்பகுதி முழுவதும் ஒரே நிறம். ஓரத்தின் கூர்மை, கருவி ஒரு கட்டத்தையும் அடுத்த கட்டத்தையும் பிரித்தறிவதற்கு உதவும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

வெக்டருக்கு ஓர் உண்மையான நயம் உண்டு என்பதை மறைத்தலும் ஆகாது. மையின் அளவைப் பத்து வீதம் என்று குறிக்க வேண்டுமாயின், கட்டளை மொழி அதனைப் பின்னமாகவே எழுதிவிடும். எட்டு இருமங்களால் ஆன ராஸ்டர் புள்ளியோ 0 முதல் 255 வரையுள்ள முழு எண்களை மட்டும் ஏற்கும். 255இல் பத்து வீதம் 25.5 ஆதலின் அது 26 என்று எழுதப்பட, பத்து வீதம் 10.2 வீதமாகிவிடுகின்றது. இந்தக் குறையைப் போக்குவதற்கு வழிகள் உள்ளன. கிரேம் கில் என்பவர் இயற்றி யாவர்க்கும் இலவசமாக வழங்கிவரும் ஆர்கில் என்னும் நிற மென்பொருள், அட்டையைப் பொஸ்ட்ஸ்கிரிப்டாகவும் தரும், டிஃப் என்னும் ராஸ்டர் கோப்பாகவும் தரும். எட்டு இருமக் கோப்பாகத் தரும்போது 25ஐயும் 26ஐயும் புள்ளிகளிடையே கலந்து தெளித்து, சராசரி 25.5 ஆகுமாறு செய்துவிடும். பதினாறு இருமக் கோப்பாகவும் பெறலாம். இன்னும் எளிய வழி, கட்டங்களின் எண்களைத் தொடக்கத்திலேயே முழு எண்களாகத் தேர்ந்து கொள்வது. ஆகவே இந்த நயமும் பெரியதன்று.

வழக்கின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருக்கின்றது. கிணற்று நீர் குடிக்கத் தக்கதோ என்று அறிய விரும்புகிறவன் அயல் வீட்டுக் கிணற்றிலிருந்து நீரை மொண்டு ஆய்வுக்கு அனுப்புவானா? அந்த நீர் எவ்வளவு தூய போத்தலில் அனுப்பப்பட்டாலும் ஆய்வின் விடை அவனுக்கு உதவாது. சோதனை அட்டையிலும் இப்பிழை நேர்கின்றது. ஏனெனில் அச்சுப்பொறிக்குள் வெக்டரும் ராஸ்டரும் எப்போதும் ஒரே பாதையிற் செல்வதில்லை.

அலுவலகங்களிலும் சிறு அச்சகங்களிலும் உள்ள வர்ண லேசர் பொறிகளை எடுத்துக் கொள்வோம். அவற்றில் நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைத்தூள்கள் உண்டு. சாம்பல் நிறத்தை இரு விதமாக ஆக்கலாம். கறுப்புத் தூளை மட்டும் நுண் புள்ளிகளாக இடலாம். அல்லது நான்கு தூள்களையும் அளவாகக் கலக்கலாம். எழுத்தும் கோடும் கறுப்புத் தூளால் மட்டும் அச்சிடப்பட்டாற்றான் விளிம்பு தெளிவாக இருக்கும், தூளும் மிச்சமாகும். புகைப்படத்தின் நிழல்களோ நான்கும் கலந்தால்தான் ஆழமாகத் தோன்றும். ஆகையால் பொறியின் கட்டுப்பாட்டு மென்பொருள், வந்த பொருள் எழுத்தோ, வரைபடமோ, புகைப்படமோ என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விதியைக் கையாளுகின்றது. ஃபியெரி என்னும் கட்டுப்பாட்டு அமைப்பிலே கறுப்பு எழுத்துக்கும் வரைபடத்துக்கும் என்று தனியான தெரிவுகள் இருப்பது இதற்கு எடுத்துக்காட்டு. நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட ஏற்பாடு இது. இதிற் குறை காண்பதற்கு இடமில்லை.

ஆனால் இந்தப் பொறிக்கு வெக்டர் அட்டையை அனுப்பினால் என்ன நிகழும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 128, 128, 128 என்ற கட்டம் வருகின்றது. பொறி அதனை வரைபடம் என்று கருதிக் கறுப்புத் தூளால் மட்டும் அச்சிடுகின்றது. நிறமாலைமானி அளந்து, அது ஏறத்தாழச் சாயாத சாம்பல் என்று எழுதிக் கொள்கின்றது. புரொபைலும் அவ்வாறே நம்பி, மூன்று எண்களும் சமமாயின் சாம்பல் சரியாக வரும், திருத்தம் வேண்டியதில்லை என்று பதிந்து கொள்கின்றது. பின்னர் அதே புரொபைலைக் கொண்டு புகைப்படம் அச்சிடப்படுகின்றது. புகைப்படம் ராஸ்டர் ஆதலின் அதன் சாம்பல் நான்கு தூள்களின் கலவையால் ஆக்கப்படுகின்றது. அந்தக் கலவையோ பச்சைப் பக்கம் சாய்ந்திருக்கின்றது. அதனைத் திருத்த வேண்டும் என்று புரொபைலுக்கு எவரும் சொல்லவில்லை. அதற்கு அந்தக் கலவையைக் காட்டவே இல்லை. முன்னே சொன்ன மூதாதையரின் கன்னத்தில் ஏறிய பச்சைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

இன்னொரு கேடும் உடன் வரும். 128, 128, 128 கறுப்பால் அச்சிடப்பட, அதன் அண்டையிலுள்ள 128, 132, 128 நான்கு மைகளால் அச்சிடப்படும். எண்ணளவில் அடுத்தடுத்து நிற்கும் இரு நிறங்கள் அளவிலே திடீரென விலகிப் போகின்றன. இடைப்பட்ட நிறங்களைக் கணக்கினால் நிரப்பும் புரொபைல் இந்தத் தாவலை எங்கும் பரப்பிவிடுகின்றது. வானமும் சுவரும் போன்ற மென்மையான சாயைகளிற் பட்டை பட்டையாகக் கோடு விழுவதை அச்சிட்ட படங்களிற் பலரும் கண்டிருப்பர்.

சாம்பலோடு கதை முடிவதில்லை. சில பொறிகள் வரைபடத்துக்கு ஒருவகை நுண்புள்ளி அமைப்பையும் புகைப்படத்துக்கு வேறு வகையையும் பயன்படுத்தும். புள்ளி அமைப்பு மாறினால் மை பரவும் அளவும் மாறும். புகைப்படம் என்று கண்டவுடன் தாமாகவே வெளிச்சத்தைக் கூட்டிச் செம்மைப்படுத்தும் இயக்கிகளும் உண்டு. இவை எல்லாம் பாதை வேற்றுமைகள்.

அப்படியாயின் ராஸ்டர் அட்டையே எப்போதும் சிறந்ததோ என்று நேயர்கள் வினவக் கூடும். புகைப்படம் மட்டும் அச்சிடும் மைவீச்சுப் பொறிக்கு அதுவே தகுந்தது, அதில் ஐயமில்லை. அப்பொறிகளிற் பெரும்பாலானவை பொஸ்ட்ஸ்கிரிப்டை அறியா. வெக்டர் அட்டையைக் கொடுத்தால், வழியில் எங்கோ ஒரு மென்பொருள் அதனைப் புள்ளிகளாக மாற்றித்தான் தீரவேண்டும். மாற்றும்போது நிறமுறையைத் தவறாகத் தெரிந்துவிட்டால் எண்கள் அனைத்தும் கலங்கிப்போம். கலங்கியமை கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ராஸ்டர் அட்டைக்கும் இடர்கள் உண்டு. ஜேபெக் முறையில் அதனைச் சுருக்கிச் சேமிக்கலாகாது. அம்முறை கட்டங்களின் ஓரங்களிலே இல்லாத நிறங்களைத் தோற்றுவிக்கும். தாளுக்கு ஏற்ப அளவைக் குறைக்கும் தெரிவையும் நீக்கிவிட வேண்டும். கட்டத்தின் அகலம் குறைந்தால் வரிசை வரிசையாக இழுத்து அளக்கும் கருவி எண்ணிக்கை தவறும். இது வெக்டருக்கும் பொருந்தும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, அட்டை அச்சாகும்போது எந்த நிறத் திருத்தமும் நடைபெறலாகாது. பொறியின் இயல்பை அறிவதற்காக அனுப்பப்படும் எண்ணை வழியில் ஒருவர் திருத்திவிட்டால், அளக்கப்படுவது திருத்தியவரின் இயல்பே அன்றிப் பொறியின் இயல்பு அன்று. 2010இல் வெளிவந்த போட்டோஷொப் பதிப்பிலிருந்து, நிற முகாமைத்துவம் இன்றி அச்சிடும் தெரிவு நீக்கப்பட்டது. அன்றாடப் பயனாளர் அதனைத் தவறாகப் பயன்படுத்திக் குழம்புகின்றனர் என்பது உண்மையாயினும், புரொபைல் செய்வோர் பலருக்கு அது வழக்கமான வாயிலாக இருந்தது. எழுந்த முறைப்பாடுகளின் பின்னர், சோதனை அட்டைகளை அச்சிடுவதற்கென்றே சிறிய மென்பொருள் ஒன்றை அந்நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. பழைய பழக்கத்தால் அட்டையைப் போட்டோஷொப்பிலேயே திறந்து அச்சிடுகிறவர், அட்டை ராஸ்டரோ வெக்டரோ என்று ஆராய்வதற்கு முன்னர் இதனை ஆராய வேண்டும்.

சிக்கல் மிகுந்த நிலை, எழுத்தும் வரைபடமும் புகைப்படமும் ஒரே பக்கத்தில் வரும் அச்சகத்தினுடையது. சஞ்சிகையின் அட்டைப் படத்திலே புகைப்படத்தின் பின்னணி நிறத்தை, அதனைச் சூழ்ந்த வெற்றுப் பரப்பிலும் தொடர வேண்டும் என்று கொள்வோம். பின்னணி ராஸ்டர், சூழ்ந்த பரப்பு வெக்டர், எண்கள் ஒன்றே. பொறி இரண்டையும் வெவ்வேறாக நடத்தினால் சந்திக்கும் இடத்திலே தையல் போலக் கோடு தெரியும். கட்டுப்பாட்டு மென்பொருளிலே இரு வகைக்கும் மூலப் புரொபைலும் மாற்று விதியும் கறுப்பு விதியும் ஒன்றாகுமாறு முதலில் அமைத்துவிட வேண்டும். அமைத்த பின் எந்த அட்டையைப் பயன்படுத்தினாலும் விடை ஒன்றே. அவ்வாறு அமைக்க இயலாத பொறியாயின், நிறத்தில் கண்டிப்பு வேண்டிய பக்கத்தை முழுவதும் ராஸ்டராக மாற்றி அனுப்புவதே நேர்மையான வழி. எழுத்தின் கூர்மை சற்றுக் குறையும். அதனைப் பொறுத்துக் கொள்ளலாம்.

இரு பாதைகளும் ஒன்றுதானா என்று அறிவதற்கு விலையுயர்ந்த ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாள் போதும். இருபது முப்பது நிறங்களைத் தேர்க. அவற்றிற் பாதியேனும் சாம்பலும் சாம்பலை அடுத்த நிறங்களுமாக இருக்கட்டும். மேல் வரிசையில் அவற்றை வெக்டர் சதுரங்களாகவும், அதனை ஒட்டிய கீழ் வரிசையில் அதே எண்களை உடைய ராஸ்டர் சதுரங்களாகவும் அமைத்து, ஒரே பிடிஎப் கோப்பாக்கி, வழக்கமாக வேலை நடக்கும் அதே அமைப்பில் அச்சிடுக. லேசர் பொறியாயின் உருப்பெருக்குக் கண்ணாடியால் சாம்பல் கட்டங்களை உற்றுநோக்கினாலே மேல் வரிசையிற் கறுப்புப் புள்ளிகள் மட்டுமா, நான்கு நிறப் புள்ளிகளுமா என்பது தெரிந்துவிடும். நிறமாலைமானி உள்ளவர் இரு வரிசைகளையும் அளந்து ஒப்பிடலாம். வேற்றுமை ஏறத்தாழ ஓர் அலகுக்குள் நின்றால் சாதாரணக் கண்ணுக்கு அது புலப்படாது. ஐந்து, ஆறு என்று ஏறினால், ஓர் அட்டையைக் கொண்டு மற்றப் பாதைக்குப் புரொபைல் செய்வதை நிறுத்திவிட வேண்டும். மைவீச்சுப் பொறியாயின் அளப்பதற்கு முன் தாளை ஒரு நாளாவது உலர விடுதல் நன்று. அச்சிட்ட போது இருந்த தெரிவுகள் அனைத்தையும், கடுதாசியின் பெயரையும், திகதியையும் அந்தத் தாளின் பின்புறத்திலேயே பென்சிலால் எழுதி, வெளிச்சம் படாத ஓர் உறையில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை மையோ மென்பொருளோ மாறும்போது இரண்டாவது தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.